ஒரு சிற்றூரை ‘இந்தக் கட்சி ஊர்’ என்று சொல்லலாமா?

கேள்வி இதுதான்: சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் ஒரு கிராமப்புறச் சிற்றூருக்கு ஒருவர் குடிபோக இருக்கிறார். “அது அந்தக் கட்சியோட கோட்டை” என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அது எவ்வளவு உண்மை என்று எப்படித் தெரிந்துகொள்வது? இப்படிப்பட்ட ஊர்கள் ஏன் மொத்தமாக ஒரு பக்கம் சாய்கின்றன? வேறு கருத்து உள்ளவர் அங்கே நிம்மதியாக இருக்க முடியுமா?

தேர்தல் முடிவுகளை வாக்குச்சாவடி அளவில் படிப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். அதில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம், ஜெயித்த கட்சியின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் ஊரைப் புரிந்துகொள்ள முடியாது என்பதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 4,500 வாக்காளர்கள் உள்ள ஊரில் 3,000 ஓட்டு பதிவாகிறது. ஒரு கட்சிக்கு 62 சதவீதம், எதிர்க்கட்சிக்கு 38 சதவீதம். வெளியூர்க்காரர் கண்ணுக்கு இது அசைக்க முடியாத கோட்டை. ஆனால் 1,140 பேர் எதிர்த்துப் போட்டிருக்கிறார்கள். தெருவில் எதிரே வருகிற ஓட்டுப்போட்டவர்களில் ஐந்துக்கு இரண்டு பேர் தோற்ற பக்கம். 1,500 பேர் ஓட்டே போடவில்லை. ஜெயித்த கட்சிக்கு விழுந்த 1,860 ஓட்டு, ஊரின் மொத்த வாக்காளர்களில் பாதிகூட இல்லை. இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் பார்க்காமல் ஊருக்கு ஒரு கட்சி நிறம் பூசுவது அங்கே வாழ்கிற பெரும்பாலானவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

சரி, எண்கள் எங்கே கிடைக்கும்? இது நாட்டுக்கு நாடு மாறும்.

இந்த விஷயத்தில் இந்தியாவில் இருப்பவர்களுக்கு நல்ல வசதி உண்டு. ஒவ்வொரு தொகுதிக்கும் ‘படிவம் 20’ என்று ஓர் இறுதி முடிவுப் பட்டியல் தயாராகிறது. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் அதை எடுக்கலாம். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டு, நோட்டாவுக்கு எத்தனை என்று வரிசை வரிசையாக இருக்கும். தபால் ஓட்டு கடைசியில் தனியாக வரும். பட்டியலில் சாவடி எண் மட்டும் இருப்பதால் முதலில் பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது. பக்கத்தில் வாக்காளர் பட்டியலைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். அதன் ஒவ்வொரு பாகத்தின் முதல் பக்கத்திலும் அந்தப் பாகத்தில் அடங்கும் தெருக்களின் பெயர்கள் இருக்கும். இரண்டையும் பொருத்திவிட்டால் எந்தத் தெருக்கூட்டம் எப்படிப் போட்டது என்று கண்ணெதிரே வந்துவிடும்.

பெரும்பாலானவர்களுக்கு முதல் ஆச்சரியம் இந்த இடத்தில்தான் வரும். ஊர் மொத்தமாக 55-45 என்று இருக்கும். சாவடி வாரியாகப் பிரித்தால் ஒன்றில் 80-20, அடுத்ததில் 35-65, இன்னொன்றில் சரிபாதி. ‘ஊரின் சாய்வு’ என்று நாம் பேசிக்கொண்டிருந்தது நாலைந்து வெவ்வேறு சாய்வுகளின் கூட்டுத்தொகை. யாருக்கு நிலம் இருக்கிறது, யார் கூலிக்குப் போகிறார்கள், யார் எந்தச் சமூகம், யார் எப்போது வந்து குடியேறினார்கள் என்பவை தெருவாரியாகப் பிரிந்து கிடக்கும் ஊர்களில் ஓட்டும் தெருவாரியாகத்தான் பிரியும். ஓர் எச்சரிக்கை: சாவடி எல்லைகள் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். ஒரு சாவடிக்கு அதிகபட்சம் 1,500 வாக்காளர் என்று இருந்ததை 2025-இல் இந்தியத் தேர்தல் ஆணையம் 1,200 ஆகக் குறைத்தது. அதனால் பழைய 112-ஆம் எண் சாவடியும் புதிய 112-ஆம் எண் சாவடியும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. தெருப் பெயரைச் சரிபார்த்த பிறகே ஒப்பிட வேண்டும்.

அமெரிக்காவில் மாவட்டம் போன்ற ‘கவுன்டி’ அளவில் முடிவு எளிதாகக் கிடைக்கும்; அதற்கும் கீழே வாக்குச்சாவடி வட்ட அளவிலும் பல இடங்களில் கிடைக்கும். ஆனால் சில மாநிலங்களில் தபால் ஓட்டுகளையும் முன்கூட்டியே போட்ட ஓட்டுகளையும் வட்டத்துக்குப் பிரிக்காமல் கவுன்டிக்கு மொத்தமாகக் காட்டும் வழக்கம் இருந்திருக்கிறது. 2020 தேர்தலில் தபாலில் போட்டவர்கள் பெரும்பாலும் ஒரு பக்கமும், நேரில் வந்து போட்டவர்கள் பெரும்பாலும் இன்னொரு பக்கமும் இருந்தார்கள். அந்த இடங்களில் வட்டக் கணக்கை மட்டும் பார்த்தவருக்கு முற்றிலும் தவறான படம்தான் கிடைத்திருக்கும். பிரிட்டனில் நிலைமை நேர் எதிர். நாடாளுமன்றத் தேர்தலில் ஒரு பெட்டியின் சீட்டுகளை வேறு பெட்டியின் சீட்டுகளோடு கலந்துதான் எண்ண வேண்டும் என்பது விதி. முடிவும் தொகுதி அளவில்தான் வெளியாகும். அங்கே ஒரு சிற்றூரின் மனதை அறிய உள்ளாட்சி வார்டு முடிவுகளைத்தான் நம்ப வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது அயர்லாந்து. எண்ணும் நாள் காலையில் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, சீட்டுகளை விரித்து, மொத்த எண்ணிக்கையைச் சரிபார்ப்பார்கள். தடுப்புக்கு வெளியே கட்சித் தொண்டர்கள் அட்டையும் பேனாவுமாக எட்டிப் பார்த்தபடி நிற்பார்கள். அங்கே வாக்காளர்கள் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எண் போடுவார்கள். ஒவ்வொரு சீட்டிலும் ‘1’ என்ற எண் யாருக்கு எதிரே இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பெயருக்கு நேராக ஒரு கோடு போடுவார்கள். இவர்களுக்கு ‘டாலிமென்’ என்று பெயர். பகையாளிக் கட்சிக்காரர்களே பெட்டிகளைப் பங்குபோட்டுக்கொண்டு, பிறகு கணக்கைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. பெட்டி எந்த ஊரிலிருந்து வந்தது என்பது தெரியுமாகையால், அதிகாரபூர்வ முடிவு வருவதற்கு வெகுநேரம் முன்பே எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று அவர்கள் கையில் இருக்கும். ஓர் ஊரின் வாக்கை இவ்வளவு அக்கறையோடு யாரும் படித்து நான் அறிந்ததில்லை.

எண்கள் கைக்கு வந்ததும் பலர் செய்கிற தவறு, கடைசித் தேர்தலை மட்டும் பார்ப்பது. குறைந்தது நான்கு தேர்தலாவது பார்க்க வேண்டும்; அதிலும் வெவ்வேறு வகைத் தேர்தலாக இருக்க வேண்டும். நாடு முழுவதற்குமான தேர்தல், மாநிலத் தேர்தல், உள்ளாட்சித் தேர்தல் ஆகியவை மக்களிடம் கேட்கும் கேள்விகள் வேறு வேறு. மக்களும் வேறு வேறு பதில்தான் சொல்கிறார்கள்.

இதற்கு 2019 ஏப்ரல் 18-ஐவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். தமிழ்நாட்டில் அன்று 38 மக்களவைத் தொகுதிகளுக்கும் 18 சட்டமன்றத் தொகுதிகளின் இடைத்தேர்தலுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தது. அந்த 18 தொகுதிகளில் வாக்காளர் ஒரே சாவடிக்குள் போய் இரண்டு ஓட்டு போட்டார். தருமபுரி மக்களவைத் தொகுதியை தி.மு.க. வென்றது, அதற்குள்ளேயே இருக்கும் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி சட்டமன்ற இடைத்தேர்தல்களில் அ.தி.மு.க. வென்றது. தேனியில் இது அப்படியே தலைகீழ். மக்களவைத் தொகுதி அ.தி.மு.க.வுக்கு, அதற்குள் இருக்கும் ஆண்டிபட்டியும் பெரியகுளமும் தி.மு.க.வுக்கு. அதே மக்கள், அதே நாள், அதே வரிசை. ஒரு கையால் இந்தப் பக்கமும் மறு கையால் அந்தப் பக்கமும் போட்டவர்கள் முடிவை மாற்றும் அளவுக்கு இருந்திருக்கிறார்கள். தில்லியில் யார் என்பதற்கு ஒரு பதில், சென்னையில் யார் என்பதற்கு இன்னொரு பதில், நம் ஊருக்கு யார் பழக்கம் என்பதற்கு மூன்றாவது பதில். படிப்பறிவு குறைந்த கிராமத்து மக்கள் சின்னத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு குத்துவார்கள் என்று யாராவது சொன்னால், இந்த நான்கு ஊர்ப் பெயர்களைச் சொல்லுங்கள்.

கொஞ்ச காலத்திலேயே ஓர் ஊரின் சாய்வு புரண்டுவிடுவதும் உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹோவார்ட் கவுன்டி என்று ஒன்று இருக்கிறது. பத்தாயிரம் பேருக்கும் குறைவானவர்கள் வாழும் விவசாயப் பகுதி. 2012-இல் ஒபாமா அங்கே 20 சதவீதத்துக்கும் மேலான வித்தியாசத்தில் ஜெயித்தார். நான்கே ஆண்டில், 2016-இல், ட்ரம்ப் ஏறத்தாழ அதே 20 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். நான்கு ஆண்டில் ஊரின் ஆட்கள் மாறிவிடவில்லை. மாறியது அவர்கள் முன் வைக்கப்பட்ட கேள்வியும், அதைக் கேட்ட ஆளும். 2012-இல் அந்த மக்களைப் பார்த்து “இது ஜனநாயகக் கட்சி ஊர்” என்றவரும் தவறு, 2016-இல் “இவர்கள் எப்போதுமே குடியரசுக் கட்சிதான்” என்றவரும் தவறு.

இதற்கு மாறாக, ஒரே பக்கம் தலைமுறை தலைமுறையாக நிற்கும் இடங்களும் உண்டு. கென்டக்கியின் எலியட் கவுன்டி 1869-இல் உருவானது. அன்று முதல் 2012 வரை ஒவ்வோர் அதிபர் தேர்தலிலும் அது ஜனநாயகக் கட்சிக்கே போட்டது. 2016-இல் ட்ரம்புக்கு ஏறத்தாழ 70 சதவீதம் கொடுத்தது. அங்கே வாக்காளராகப் பதியும்போதே கட்சியையும் குறிப்பிடலாம். அப்போதும் வாக்காளர் பதிவேட்டில் ஜனநாயகக் கட்சியின் பெயரில் பதிந்திருந்தவர்களே பெரும்பான்மை. கட்சிப் பதிவு என்பது சில நேரம் தாத்தா காலத்து விலாசம். ஆள் எப்போதோ வேறு வீட்டுக்குப் போயிருப்பார். அதனால் பதிவேட்டை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி. சிற்றூர்கள் ஏன் சாய்கின்றன?

எனக்குத் தெரிந்தவரை ஆழமான காரணம் நிலம்: யாரிடம் இருக்கிறது, யார் உழைக்கிறார்கள் என்பது. 1913-இலேயே அந்திரே சிக்ஃபிரீட் என்ற பிரெஞ்சு அறிஞர் மேற்குப் பிரான்சின் தேர்தல் முடிவுகளை நிலவியல் வரைபடத்தோடு பொருத்திப் பார்த்தார். வான்தே பகுதியில் கருங்கல் நிலத்து ஊர்கள் வலதுசாரிகளுக்கும், சுண்ணாம்புக்கல் நிலத்து ஊர்கள் இடதுசாரிகளுக்கும் போட்டிருந்தன. கல் ஓட்டுப் போடுவதில்லை என்பது அவருக்கும் தெரியும். கருங்கல் பகுதியில் வீடுகள் சிதறிக் கிடந்தன. பெருநிலக்கிழார்களின் பிடியும் தேவாலயத்தின் பிடியும் இறுகியிருந்தன. சுண்ணாம்புக்கல் பகுதியில் வீடுகள் நெருங்கியிருந்தன. சொந்தமாகச் சிறிது நிலம் வைத்திருந்தவர்கள் அதிகம். யாரையும் அண்டி வாழத் தேவையில்லாதவர் ஓட்டும் அண்டி வாழ்பவர் ஓட்டும் ஒன்றாக இருக்காது என்பதுதான் சாரம்.

அமெரிக்கத் தெற்கில் இதே கதை இன்னும் பெரிய அளவில் நடந்திருக்கிறது. கிரெட்டேசியஸ் காலத்தில், பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு, அலபாமா, மிசிசிப்பி பகுதியில் கடற்கரை உள்நாட்டுக்குள் வளைந்து கிடந்தது. கடல் பின்வாங்கிய இடத்தில் வளமான கரிய மண் தங்கியது. அந்த மண்ணில் பருத்தித் தோட்டங்கள் எழுந்தன. தோட்டங்களுக்கு ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கொண்டுவந்தார்கள். அவர்களின் சந்ததியினர் இன்றும் அங்கே பெரும்பான்மையாக வாழும் கவுன்டிகள் பல. இன்றைய தேர்தல் வரைபடத்தில் குடியரசுக் கட்சியின் சிவப்புக் கடலுக்கு நடுவே ஜனநாயகக் கட்சியின் நீல வளைவு ஒன்று தெரியும். அது அந்தப் பழைய கடற்கரையின் வளைவு. கிராமப்புறம் என்றாலே பழமைவாதம் என்று சொல்பவர்கள் இந்த வளைவைப் பார்க்க வேண்டும்; முழுக்க முழுக்கக் கிராமப்புறம் அது.

அந்த வளைவில் இருக்கும் அலபாமாவின் லவுண்ட்ஸ் கவுன்டியில் 1960-களில் மக்கள்தொகையில் ஏறத்தாழ 80 சதவீதம் கறுப்பினத்தவர். 1965 தொடக்கத்தில் அவர்களில் ஒருவர் பெயர்கூட வாக்காளர் பதிவில் இல்லை. பதியப் போனவர்களுக்கு வேலை போனது, குடியிருந்த இடம் போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகுதான் நிலை மாறத் தொடங்கியது. அதற்கு முந்தைய தேர்தல் முடிவுகளை எடுத்துப் படித்தால் “லவுண்ட்ஸின் அரசியல் சாய்வு” என்று ஏதோ ஒன்று தெரியத்தான் செய்யும். ஆனால் அது ஊரில் ஐந்தில் ஒரு பங்கினரின் சாய்வு. எந்த ஊரின் பழைய முடிவைப் பார்த்தாலும், அன்று ஓட்டுப் போட யார் அனுமதிக்கப்பட்டார்கள் என்ற கேள்வியைக் கேட்காமல் மேலே போகாதீர்கள். இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

இரண்டாவது காரணம் பேச்சு. 1940-இல் ஒஹையோ மாநிலத்தின் ஈரி கவுன்டியில் பால் லாசர்ஸ்ஃபெல்டும் உடன் ஆய்வாளர்களும் ஒரே ஆட்களைத் தேர்தல் காலம் முழுவதும் திரும்பத் திரும்பப் பேட்டி கண்டார்கள். வானொலியும் செய்தித்தாளும் மக்களை அப்படியே இழுத்துப்போகும் என்பதுதான் அன்றைய எதிர்பார்ப்பு. கண்டது வேறு. பிரசாரத்தால் கட்சி மாறியவர்கள் மிகக் குறைவு. குடும்பத்தார், உடன் வேலை செய்பவர், மதிப்பு வைத்திருக்கும் உள்ளூர் ஆள் ஆகியோரின் பேச்சுத்தான் வலுவாக இருந்தது. ஒரே வீட்டில் ஓட்டுப் பிளவுபடுவது அரிது. வீட்டில் ஒரு பக்கமும் வேலை இடத்தில் இன்னொரு பக்கமும் இழுத்தால், அந்த ஆள் முடிவைத் தள்ளிப்போட்டார், அல்லது தேர்தலில் ஆர்வத்தையே விட்டார். சிற்றூரில் பழகும் ஆட்கள் மிகச் சிலர். அவர்களையே நாள்தோறும் பார்க்க வேண்டும். அதனால் ஒரு பக்கம் சற்றே கூடுதலாக இருந்தால், காலப்போக்கில் அது இன்னும் கூடுகிறது. மறுபக்கத்தவர் மனம் மாறிவிட்டார் என்பதல்ல. வாய் திறப்பதை நிறுத்திவிடுகிறார்.

மூன்றாவது காரணம் ‘நம்ம ஆள்’ என்பது. அமெரிக்கத் தென் மாநிலங்களை 1940-களில் ஆராய்ந்த வி. ஓ. கீ என்ற அரசியல் அறிஞர், வேட்பாளர்கள் தங்கள் சொந்த ஊரிலும் அதைச் சுற்றியும் கட்சி, கொள்கை எல்லாவற்றையும் தாண்டி அள்ளிக்கொண்டு போவதைக் காட்டினார். இது எல்லா நாட்டிலும் நடக்கிறது. உங்கள் கையில் இருக்கும் முடிவில் ஒரு தேர்தலில் மட்டும் ஓர் ஊர் விசித்திரமாகத் துள்ளியிருந்தால், அந்தத் தடவை வேட்பாளர் எந்த ஊர்க்காரர் என்று முதலில் பாருங்கள். உள்ளாட்சித் தேர்தலில் கட்சியே இல்லாத இடங்களும் பல. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சார்பின்றி நடக்கின்றன. அமெரிக்க நகராட்சித் தேர்தல்களில் பெரும்பாலானவையும் அப்படித்தான். அங்கே ஜெயித்தவரை வைத்து ஊரின் கட்சியைக் கணக்கிடுவது வீண் வேலை.

கிராமப்புறம் எல்லா இடத்திலும் ஒரே பக்கமா என்பதற்குக் கரிய மண் வளைவு ஒரு பதில். வெர்மான்ட் இன்னொரு பதில். அமெரிக்க மாநிலங்களில் கிராமப்புற மக்களின் பங்கு மிக அதிகமாக உள்ளவற்றில் ஒன்று அது. 1856 முதல் 1960 வரை எல்லா அதிபர் தேர்தல்களிலும் குடியரசுக் கட்சிக்குப் போட்டது. 1992 முதல் எல்லாவற்றிலும் ஜனநாயகக் கட்சிக்குப் போடுகிறது. அதற்குள்ளும் வடகிழக்கு மூலையில் இருக்கும் எசெக்ஸ் கவுன்டி 2016 முதல் ட்ரம்புக்கே போட்டுவருகிறது. மாநிலம் முழுக்க ஒரு நிறம் என்று எழுதுகிறவர்கள் இந்த மூலையை விட்டுவிடுகிறார்கள்.

பிரிட்டனின் வடக்கு ஷ்ராப்ஷயர் தொகுதியையும் சொல்ல வேண்டும். சின்னச் சந்தை ஊர்களும் பண்ணைகளும் நிறைந்த இடம். 2019-இல் கன்சர்வேட்டிவ் கட்சி 22,949 ஓட்டு வித்தியாசத்தில் வென்றது. லிபரல் டெமாக்ரட் மூன்றாம் இடம். தொகுதியின் கன்சர்வேட்டிவ் உறுப்பினர் பதவி விலகியதால் 2021 டிசம்பரில் வந்த இடைத்தேர்தலில் லிபரல் டெமாக்ரட் 5,925 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. ஆம்புலன்ஸ் வர மணிக்கணக்கில் காத்துக் கிடந்த கோபம் அங்கே பெரிய பேச்சாக இருந்தது. ‘எப்படியும் நமக்குத்தான்’ என்று ஒரு கட்சியும் ‘எப்படியும் நமக்கில்லை’ என்று மற்றக் கட்சிகளும் முடிவுகட்டிவிட்ட ஊரில் மருத்துவமனை, சாலை, பேருந்துக் குறைகளைக் கேட்க ஆள் வராது. அந்தக் கோபம் கட்சி விசுவாசத்துக்கு அடியில் வருடக்கணக்கில் சேரும். அது முடிவுப் பட்டியலில் முன்கூட்டித் தெரியாது. வாக்குப்பதிவு குறைந்துகொண்டே வந்தால் மட்டும் கொஞ்சம் தெரியும். அதனால்தான் சதவீதத்தோடு வாக்குப்பதிவு எண்ணிக்கையையும் பாருங்கள் என்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் இண்டை தொகுதி இதைவிட நிதானமான கதை. விக்டோரியா மாநிலத்தின் வடகிழக்கில் உள்ள கிராமப்புறத் தொகுதி அது. பல பத்தாண்டுகளாக வலதுசாரிக் கட்சிகளின் கையில் இருந்தது. 2012-இல் உள்ளூர்க்காரர்கள் சிலர் கூடி, பக்கத்து வீட்டார், தெரிந்தவர் என்று சிலராக வீடுகளில் உட்கார வைத்து, “இந்த ஊருக்கு என்ன வேண்டும், நம் பிரதிநிதி எப்படி இருக்க வேண்டும்” என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். கட்சி மாற்றச் சொல்லவில்லை, கேட்டார்கள், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவிலும் வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எண்ணிடுவார்கள்; கடைசி இடத்தவர் விலக்கப்படும்போது அவருடைய ஓட்டுகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். 2013 தேர்தலில் சுயேச்சையாக நின்ற கேத்தி மெக்கோவன், முதல் விருப்ப வாக்குகளில் அப்போதைய உறுப்பினரான வலதுசாரி லிபரல் கட்சியின் சோஃபி மிராபெல்லாவுக்குப் பின்னால் இருந்தும், விருப்ப வரிசை ஓட்டுகள் சேர்ந்தபோது 439 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். 2019-இல் அவர் விலகியபோது இன்னொரு சுயேச்சை, ஹெலன் ஹெயின்ஸ், அதே இடத்தை வென்றார். விருப்ப வரிசை முறை இல்லாமல் ஒரே ஓட்டு முறை இருந்திருந்தால், 2013-இலும் அது வழக்கம்போல வலதுசாரி ஊர் என்றே எழுதப்பட்டிருக்கும். எண்ணும் முறை மாறினால் ஊரின் ‘சாய்வு’ம் மாறித் தெரியும்.

இன்னொன்று, கட்சிக்குப் போடும் ஓட்டையும் ஒரு பிரச்சினை பற்றிய கருத்தையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. 2020-இல் ஃபுளோரிடா மாநிலம் ட்ரம்புக்குப் பெரும்பான்மை கொடுத்தது. அதே வாக்குச்சீட்டில் குறைந்தபட்சக் கூலி உயர்வுக்கு ஏறத்தாழ 61 சதவீதம் ஆதரவு கொடுத்தது. கான்சஸ் மாநிலம் அதே தேர்தலில் ட்ரம்பைத் தேர்ந்தெடுத்தது. 2022 ஆகஸ்டில் கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சாசனத்திலிருந்து நீக்கும் திருத்தத்தை 59 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். பொதுவாக்கெடுப்பு நடக்கும் நாட்டில் இருந்தால் அந்த முடிவுகளைக் கட்டாயம் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் எதை நினைக்கிறார் என்பதற்கு அதுதான் கட்சி ஓட்டைவிட நெருக்கமான சான்று.

ஆனால் எவ்வளவு எண்கள் இருந்தாலும் அவை தனி மனிதரைக் காட்டாது. 1950-இல் வில்லியம் ராபின்சன் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் 1930 மக்கள்தொகைக் கணக்கை வைத்து இதை நிரூபித்தார். மாநில அளவில் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள இடங்களில் எழுத்தறிவும் அதிகம். தனி நபர் அளவில் பார்த்தால் உறவு தலைகீழ். வெளிநாட்டில் பிறந்தவர்களிடம் எழுத்தறிவு சற்றுக் குறைவு. எழுத்தறிவு அதிகமுள்ள மாநிலங்களில் அவர்கள் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான். வயதானவர்கள் அதிகமுள்ள சாவடியில் ஒரு கட்சி ஜெயித்தால் ‘வயதானவர்கள் அந்தக் கட்சிக்குப் போட்டார்கள்’ என்று சொல்ல முடியாது. அந்தச் சாவடியின் இளைஞர்கள்கூட ஜெயிக்க வைத்திருக்கலாம். சாதி, மதம், வயது பற்றி இப்படி எழுதப்படும் பல தேர்தல் அலசல்கள் இந்தக் குழியில் விழுந்தவை. அவற்றால் ஒரு சமூகத்தின் மீது விழும் பழி எளிதில் போவதில்லை.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர் இருக்க முடியுமா?

இருக்க முடியும், பெரும்பாலான ஊர்களில் அப்படி நூற்றுக்கணக்கானவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஆனால் சிற்றூரில் ஓட்டு ரகசியம் என்பது பெரிய நகரத்தில் உள்ளதுபோல் எளிதானதல்ல. பிரிட்டனில் 1872 வரை ஓட்டை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யார் யாருக்குப் போட்டார் என்று அச்சிட்டே விற்றார்கள். நிலக்கிழாருக்கு எதிராகப் போட்ட குத்தகைதாரரின் கதி என்னவாகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்று சீட்டு ரகசியம்தான். ஆனால் சாவடி சிறிதாகச் சிறிதாக அந்த ரகசியம் மெலிகிறது. நியூ ஹாம்ஷயரின் டிக்ஸ்வில் நாட்ச் என்ற குட்டி ஊர் நள்ளிரவில் முதல் ஆளாக ஓட்டுப் போடுவதற்குப் பேர்போனது. 2020-இல் பதிவான ஐந்து ஓட்டும் பைடனுக்கு. ஐந்து பேரும் யாருக்குப் போட்டார்கள் என்பது அந்தக் கணமே உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. 2024-இல் ஆறு ஓட்டு, மூன்றுக்கு மூன்று.

அது வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் சாவடிவாரி முடிவைக் கையில் வைத்துக்கொண்டு “உங்கள் தெரு எங்களுக்குப் போடவில்லை, தண்ணீர்க் குழாய் எப்படி வரும் பார்க்கலாம்” என்று மிரட்டக்கூடிய இடங்களில் இது உயிர்நாடிப் பிரச்சினை. சாவடிவாரி முடிவுகள் வெளியாவதை ஆய்வுக்காக வரவேற்கும் நான், இந்தக் காரணத்துக்காகவே கவலையும் படுகிறேன். வாக்குச்சீட்டுக் காலத்தில் இந்தியாவில் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. மின்னணு இயந்திரங்களுக்குப் பல சாவடிகளின் ஓட்டுகளைச் சேர்த்துக் காட்டும் ‘டோட்டலைசர்’ கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-இல் பரிந்துரைத்தது. சட்ட ஆணையமும் 2015-இல் அதை ஆதரித்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆய்வாளர்களுக்குக் கொஞ்சம் தகவல் குறைந்தாலும் அது வந்தாக வேண்டும் என்பது என் கருத்து. ஒரு தெருவின் குடிநீரைவிட என் அட்டவணை பெரிதல்ல.

குடிபோக இருப்பவர் நடைமுறையில் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். போகப்போகும் தெரு எந்தச் சாவடியில் வருகிறது என்று கண்டுபிடித்து, நான்கு தேர்தல் முடிவுகளில் அந்த ஒரு வரிசையை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் பதிவான வாக்கு விழுக்காட்டையும், இரண்டாம் இடக் கட்சியின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். இரண்டாம் இடக் கட்சி மூன்றில் ஒரு பங்கு வாங்கியிருந்தாலே அங்கே பேச்சுக்கு இடம் இருக்கும் என்று நம்பலாம். பத்தில் ஒரு பங்குக்கும் கீழே என்றால், அது அந்த ஊரில் உண்மையான ஒருமனமா, அல்லது மறுபக்கத்தின் சாவடி முகவர்கூட உட்காரத் தயங்கும் இடமா என்று விசாரியுங்கள். அதற்குக் கட்சிக்காரரிடம் போக வேண்டாம். போன உள்ளாட்சித் தேர்தலில் தோற்றவர் இப்போதும் அதே ஊரில் கடை நடத்துகிறாரா, ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசுகிறாரா என்று கேளுங்கள்.